நோயில்லாதவர் வரிசையில் என் ரத்தம்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம்.

முழங்கால் வலி தேவலையா? அம்மா மாத்திரையை மறக்காமல் போடுகிறார்களா?

இங்கே ஆய்வகத்தில் ஒரு கூத்து நடந்தது. மலேரியா யாருக்கு முற்றப்போகிறது என்பதை ரத்தத்தில் ஊறும் எதிர்ப்புப் புரதங்களின் அளவு ஏறுவது முன்கூட்டியே காட்டிக்கொடுக்குமா என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர் ரத்தமும் வேண்டும் என்பதால் ஊழியர்கள் நாங்களே கை நீட்டினோம். அதில் ஒரு குப்பியில் மட்டும் அளவு எகிறி நின்றது. மிஷின்தான் மக்கர் பண்ணுகிறது என்று மறுபடியும் ஓட்டினேன். அதே அளவுதான் வந்தது. டாக்டரம்மாவின் முகம் மாறிவிட்டது.

“இது யாரோட ரத்தம்? உடனே கூப்பிடுங்க.”

“கூப்பிட வேண்டாம் மேடம், இங்கதான் நிக்கிறேன்.”

“காய்ச்சல் இருக்கா?”

“உடம்பு வலி மட்டும்தான். வேலை அலுப்புன்னு விட்டுட்டேன்.”

அவரே மைக்ராஸ்கோப்பில் தேடி, பதுங்கியிருந்த கிருமியைப் பிடித்துவிட்டார். அப்படியே என்னைப் படுக்கையில் போட்டு மருந்து ஏற்றுகிறார்கள். அந்த அளவு இன்னும் இறங்கவில்லை, இறங்கிவிடும். அம்மா காதில் போட வேண்டாம்.

பரண் மேல் இருக்கும் கனமான கம்பளியை அனுப்பிவையுங்கள். இந்த ஊரில் மின்விசிறி இல்லாமல் தூங்கவே முடியாது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன், இருந்தாலும் அனுப்புங்கள்.

நர்ஸ் மறுபடி ரத்தம் எடுக்க வந்து நிற்கிறார். இந்தத் தடவை எழுதுகிற கையைக் கேட்கிறார்.

உங்கள் மகன்