பூங்காவில் நிற்கும் தண்ணீர்

நவம்பர் 6, 2018, செவ்வாய்

நேற்று இரண்டு மணி நேரம் மழை. பூங்கா மறுபடியும் குளமாகிவிட்டது. அக்டோபரிலிருந்து இது நான்காவது தடவை. தொய்ந்துபோன வாலிபால் வலையின் கீழ்விளிம்பு செந்தண்ணீரில் நனைந்து கிடக்கிறது. ஊஞ்சல் பலகை மிதக்கிறது. வெயில் வந்தபிறகும் தண்ணீர் போவதில்லை. பச்சை பிடித்து, நாறி, கொசு மொய்த்து, ஒரு வாரம் கழித்துத்தான் வற்றும். அதற்குள் அடுத்த மழை.

சாயந்திரம் தெருக்காரர்கள் என் பார்லரில் கூடினார்கள். நகராட்சிக்கு மனு எழுதவேண்டுமாம். யார் எழுதுவது? எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "சுனில்டா எழுதட்டும். தெருவுல பாதித் தலை அவ கையிலதான இருக்கு, யாரு மாட்டேன்னு சொல்லுவா?" என்றாள் எதிர்வீட்டு நிமியா.

எலாடியோ பஸ் டியூட்டி முடிந்து வந்ததும் சொன்னேன். "நமக்கு எதுக்கு இந்த வேலை? விடு" என்றார். அவருக்கு எல்லாமே 'விடு'தான்.

நவம்பர் 12, திங்கள்

அறுபத்து மூன்று கையெழுத்து. மனு வாங்கும் சன்னலில் இருந்தவர் எண்ணிப் பார்க்கவில்லை. ரப்பர் ஸ்டாம்ப் குத்தி, ஒரு நம்பர் எழுதிக் கொடுத்தார்.

"எப்ப வருவாங்க?"

"நம்பர் இருக்குல்ல. நம்பர் வந்தா வருவாங்க."

நவம்பர் 13, செவ்வாய்

உட்கார முடியவில்லை. மோட்டார் பைக் சத்தம் கேட்டால்கூட வாசலுக்குப் போய்ப் பார்க்கிறேன்.

நவம்பர் 20, செவ்வாய்

மறுபடி போனேன். புது இன்ஜினியர் இன்னும் தலைநகர் அசுன்சியோனிலிருந்து மாற்றலாகி வந்து சேரவில்லையாம். பழைய இன்ஜினியர் ஓய்வு பெற்றுவிட்டாராம். நடுவில் யாருமே இல்லையா? "நடுவுல நான் இருக்கேனே" என்றார் சன்னல்காரர். சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஏன் சிரித்தேன்?

டிசம்பர் 3, திங்கள்

கவுன்சிலர் மெரேலெஸ் வந்தார். கூடவே ஒரு போட்டோக்காரர், இரண்டு லாரி மணல். மணலைப் பூங்கா நடுவில் கொட்டச் சொல்லி, மண்வெட்டியைப் பிடித்தபடி படம் எடுத்துக்கொண்டார். என்னையும் பக்கத்தில் நிறுத்தினார். "இதோ நம்ம போராளி அக்கா!"

நான்கு மணிக்கு மழை. ஐந்து மணிக்கு மணல் முழுக்க நிமியா வீட்டு முற்றத்தில். அவள் வாசலில் நின்று கத்தினாள்: "போராளி அக்கா! கடற்கரைக்கே போகவேணாம்டி, வீட்டுக்கே வந்துருச்சு!"

டிசம்பர் 8, சனி

எலாடியோ இந்த வருடம் கஆகுபே மாதா கோயிலுக்கு நடந்தே போனார். பதினேழு வருடக் கல்யாணத்தில் இதுதான் முதல் தடவை. பாதம் இரண்டும் கொப்பளம். என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று கேட்டேன். "மழை குறையணும்னு" என்றார்.

ஜனவரி 9, 2019, புதன்

நிமியாவின் மகள் அராசெலிக்குக் காய்ச்சல். ஒன்பது வயது. கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்கிறாளாம். டெங்குவாக இருக்கக்கூடாது. தெருவில் ஏற்கெனவே மூன்று வீட்டில்.

ஜனவரி 12, சனி

டெங்குதான். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே இருக்கிறதாம். நேற்றிரவு மூக்கிலிருந்து ரத்தம் வந்திருக்கிறது.

நான் போனபோது நிமியா நடைக்கூடத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சில்லென்று தெரேரே மூலிகைத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். உறிஞ்சுகுழலை வாயில் வைத்தபடி குடிக்காமலே வைத்திருந்தாள். "அந்தத் தண்ணி ஓரத்துலதான் தினமும் விளையாடுவா. நான்தான் போன்னு விடுவேன், வீட்டுல ஒரே தொல்லைன்னு" என்றாள்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஜனவரி 15, செவ்வாய்

நகர்மன்றக் கூட்டத்துக்குப் போய்ப் பேசினேன். மூன்று நிமிடம் கொடுத்தார்கள். எழுதி எடுத்துப்போன காகிதத்தைப் பார்க்கவே இல்லை. கத்தினேன். "ஒரு சின்னப் பொண்ணு ஆஸ்பத்திரில கிடக்குறா! தண்ணி எங்க போகணும், எதுக்குப் போகல, அதக்கூடப் பாக்க உங்ககிட்ட ஒரு ஆளு இல்லையா?" பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். நாளை மறுநாள் இன்ஜினியர் வருவார் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

எழுதிக் கொடுத்தார்கள்! நான்தான் வாங்கினேன். வீட்டுக்கு வந்து எலாடியோவிடம் காட்டினேன். படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

ஜனவரி 17, வியாழன்

எப்படி எழுதுவது —

இன்ஜினியர் காலையில் வந்தாள். லிஸ் என்று பெயர், இருபத்தெட்டு வயது இருக்கும். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு பூங்காவைச் சுற்றி நடந்தாள். கையில் பழைய வரைபடம், மடிப்பெல்லாம் கிழிந்தது. தண்ணீரின் சரிவைப் பார்த்தாள். தாழ்ந்த மூலையிலிருந்து அடி எண்ணிக்கொண்டே வந்தாள். எண்ணி எண்ணி என் பார்லர் கதவுக்கு வந்து நின்றாள்.

நான் ஒரு வாடிக்கைக்காரிக்கு டை போட்டுக்கொண்டிருந்தேன். காபி குடிக்க வந்தாள் என்று நினைத்தேன்.

"அக்கா, இந்த ரூம் எப்பக் கட்டுனது?"

"பத்து வருஷம் ஆச்சு. ஏன்?"

"இந்த மூணு மீட்டர் அகலம் நகராட்சி நிலம். பூங்காத் தண்ணி ஓடைக்குப் போற குழாய் இதுக்குக் கீழதான் போகுது." காலால் தரையைத் தட்டினாள். நான் பதித்த வெள்ளை டைல்ஸ். "குழாயோட வாய் இங்கதான் எங்கயோ இருக்கணும்."

சிரித்தேன். சத்தியமாகச் சிரித்தேன். "தப்பா எண்ணியிருப்பீங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே, சன்னல் வழியாக முற்றத்தில் உட்கார்ந்திருந்த எலாடியோவைப் பார்த்தேன். அவர் தலையைத் தூக்கவே இல்லை.

லிஸ் போனதும் வாடிக்கைக்காரியின் தலையை அலசி அனுப்பினேன். கதவைச் சாத்திவிட்டு முற்றத்துக்குப் போய் எலாடியோ முன்னால் நின்றேன்.

"தெரியுமா?"

"சுனி..."

"உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"அப்ப ரெண்டு வருஷமா மழையே இல்ல. குழாய் காஞ்சு கெடந்துச்சு, உள்ள எலிதான் ஓடுச்சு. நகராட்சிக்காரனே மறந்துட்டான். கல்லப் போட்டு அடைச்சு, மேல தளம் போட்டேன். நீ அடுத்தவ கடையில நின்னு நின்னு காலு வீங்கி வருவ. உனக்காகத்தான்டி—"

"எனக்காகன்னு சொல்லாதீங்க. அந்தப் புள்ள ஆஸ்பத்திரில கெடக்குது, எனக்காகன்னு சொல்லாதீங்க!"

அறுபத்து மூன்று கையெழுத்தும் இந்த மனுஷன் கண்முன்னால்தான் வாங்கினேன். ஒருநாள் வாயைத் திறந்திருக்கலாமே!

ஜனவரி 18, வெள்ளி

அவர் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டுத் தூங்க முடிகிறதா? இல்லை. அறை கட்டும்போது, "நெலம் நம்மளதா?" என்று கேட்டேன். "பேப்பர் எல்லாம் சரி பண்ணியாச்சு" என்றார். பேப்பரைக் காட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. பார்லர் திறந்த மறு வருடம்தான் பூங்காவில் முதல்முதலாகத் தண்ணீர் நின்றது. எனக்குக் கண் இல்லையா? எதற்குப் பார்க்காமல் இருந்தேன்?

மத்தியானம் மெரேலெஸ் தனியாக வந்தார். இந்தத் தடவை போட்டோக்காரர் இல்லை.

"அந்த இன்ஜினியர் பொண்ணு சின்னப் பொண்ணு அக்கா, ஊருக்குப் புதுசு. பழைய வரைபடம் எல்லாம் கரையான் தின்ன காகிதம். காணாமப் போனா யாரும் தேடமாட்டாங்க. ஒரு பம்பு வாங்கி வெச்சுடுவோம், மழை பெஞ்சா எறச்சுடலாம். நீங்க மனு போடுறத நிறுத்திக்குங்க. உங்க பொழப்பு உங்களுக்கு."

முடியாது என்று சொன்னேன் என்று எழுத ஆசை. சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஜனவரி 19, சனி

அராசெலி வீட்டுக்கு வந்துவிட்டாள். பிழைத்துவிட்டாள். கை கால் எல்லாம் குச்சி மாதிரி. நிமியா தெருவிலேயே என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நீ போய்க் கத்துனதாலதான்டி இன்ஜினியர் வந்தா. இனிமே எந்தப் புள்ளைக்கும் வராது."

கட்டிக்கொண்டிருந்த அந்த நேரம் முழுக்க என் கை எங்கே இருந்தது என்றே நினைவில்லை.

ஜனவரி 21, திங்கள்

சாப்பிடவில்லை. பார்லரைக் கூட்டினேன், மறுபடி கூட்டினேன். பெரிய கண்ணாடி. தலை அலசும் தொட்டி, அவரே குழாய் இழுத்து வைத்தது. இது போனால் எங்கே நின்று முடி வெட்டுவேன்? மறுபடி அடுத்தவள் கடையா, நாற்பத்து நான்கு வயதில்?

பம்பு வைத்தால் என்ன? பம்பும் தண்ணீரை இறைக்கத்தானே செய்யும்?

மின்சாரம் போனால்? மழை பெய்தாலே இந்தத் தெருவில் மின்சாரம் போய்விடும். எனக்கே தெரியும்.

ஜனவரி 22, செவ்வாய்

நிமியாவிடம் சொன்னேன். அவள் சமையலறையில், மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், மெரேலெஸ் வந்ததையும்.

கத்தியைக் கீழே வைத்தாள். "எத்தனை வருஷமா?"

"பத்து."

"எழுந்து போ சுனில்டா."

போனேன். சாயந்திரத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. கடைக்குச் சோப்பு வாங்கப் போனேன். யாரோ என் காதில் விழவேண்டும் என்றே சொன்னார்கள்: "திருடி வீட்டுலயே திருட்டுப் புகார் மனு எழுதியிருக்கோம், கையெழுத்தும் போட்டிருக்கோம் பாரு!"

ஜனவரி 24, வியாழன்

நகராட்சிக்குப் போய், அறையை இடிக்கச் சம்மதம் என்று எழுதிக் கொடுத்தேன். அதே சன்னல்காரர். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அம்மா, இடிக்கக்கூடாதுன்னு மனு குடுக்கறவங்க வருவாங்க. இடிங்கன்னு குடுக்க இங்க படிவமே இல்லையே!"

வெள்ளைக் காகிதத்தில் எழுதினேன். ஸ்டாம்ப் குத்தினார். நம்பர் கொடுத்தார். நடைக்கூடத்தில் மெரேலெஸைப் பார்த்தேன். வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர் என்னைத் தெரியாதவர் மாதிரி போய்விட்டார். லிஸ் மட்டும் மாடிப்படியில் இறங்கி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

பிப்ரவரி 4, திங்கள்

யாரும் வரவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன். வாடிக்கைக்காரிகளும் வரவில்லை. இடிக்கவும் ஆள் இல்லை, வெட்டவும் தலை இல்லை. நேற்று மழை. நிற்கிறது தண்ணீர்.

பிப்ரவரி 9, சனி

காலையில் சத்தம் கேட்டு எழுந்தேன். எலாடியோ சம்மட்டியோடு பார்லரில். இரண்டு வரிசை டைல்ஸ் ஏற்கெனவே உடைந்திருந்தது.

"நம்பர் வர்ற வரைக்கும் காத்திருந்தா இன்னொரு மழை வந்துரும்" என்றார். மூன்று வாரத்தில் என்னிடம் அவர் பேசிய நீளமான வாக்கியம் இதுதான்.

நான் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு உடைந்ததை அள்ளத் தொடங்கினேன். பத்து மணிக்கு நிமியாவின் கணவர் ஒரு கைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். யாரையும் பார்க்காமல், கற்களை ஏற்றி, கொட்டிவிட்டு, மறுபடி வந்தார். நிமியா வரவில்லை.

மூன்று மணிக்குக் குழாயின் வாய் தெரிந்தது. எலாடியோ குப்புறப் படுத்து, தான் அடைத்த கல்லை ஒவ்வொன்றாகக் கையாலேயே பிடுங்கினார். கடைசிக் கல் வந்ததும் பச்சைத் தண்ணீர் பீறிட்டு அவர் முகத்தில் அடித்தது. அப்படியே கிடந்தார். அழுகிறாரா, தண்ணீரா, தெரியவில்லை. முதுகில் கை வைத்து, "எழுந்திரிங்க" என்றேன்.

பிப்ரவரி 15, வெள்ளி

இப்போது வந்தார்கள் நகராட்சி ஆட்கள்! இரும்புக் கம்பிச் சட்டம் போட்டு, சிமெண்ட் பூசி, ஒரு பலகையும் நட்டுவிட்டுப் போனார்கள். 'கவுன்சிலர் மெரேலெஸ் அவர்களின் முயற்சியால்.' எலாடியோ அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். ஜனவரிக்குப் பிறகு இன்றுதான் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம்.

பிப்ரவரி 21, வியாழன்

காலையில் மழை. ஒன்றரை மணி நேரம், நல்ல அடி மழை. எல்லோரும் அவரவர் வாசலில் நின்று பூங்காவையே பார்த்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் ஏறியது. பிறகு மெதுவாகச் சுழன்று எங்கள் பக்கம் திரும்பியது. தரைக்கடியில் லாரி போகிற மாதிரி ஒரு சத்தம். மத்தியானத்துக்குள் வாலிபால் கோடு தெரிந்தது.

யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று எதிர்பார்த்தேனா? ஆமாம்.

மார்ச் 12, செவ்வாய்

சமையலறையில் ஒரு நாற்காலியும் சின்னக் கண்ணாடியும் போட்டிருக்கிறேன். வாரத்துக்கு நாலைந்து பேர் வருகிறார்கள்.

இன்று நிமியா அராசெலியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். காய்ச்சலுக்குப் பிறகு அந்தப் பிள்ளைக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. இடுப்பு வரை இருந்த முடி. நிமியா என் முகத்தைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்துச் சொன்னாள்: "அத்தைகிட்ட சொல்லு, காதுவரைக்கும் வெட்டச் சொல்லு."

"மறுபடி வளருமா அத்தை?" என்று கேட்டாள் அராசெலி.

"வளரும். காய்ச்சலுக்குக் கொட்டுன முடி முன்னவிட அடர்த்தியா வரும்." எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சொன்னேன்.

வெட்டினேன். அவசரப்படவில்லை. பின்கழுத்து எலும்பு இன்னும் துருத்திக்கொண்டிருந்தது. முடித்ததும் அவள் கண்ணாடியில் இடமும் வலமும் திரும்பிப் பார்த்துவிட்டுப் பூங்காவுக்கு ஓடிவிட்டாள்.

தரையெல்லாம் முடி. நான் துடைப்பத்தைத் தேடித் திரும்பினேன். அது நிமியாவின் கையில் இருந்தது. அவள் குனிந்து கூட்டத் தொடங்கியிருந்தாள். நான் அடுப்பில் இரண்டு பேருக்கும் காபிக்குத் தண்ணீர் வைத்தேன்.