கப்பலா, றோல்ஸா?

யூலை 29, செவ்வாய்

மச்சாள் வந்து இறங்கிவிட்டார். இவரின் அக்கா சுந்தரேஸ்வரி, கனடாவிலிருந்து ஜெர்மனிக்கு. இரண்டு பெட்டி, ஒரு முழங்கால் வலி, எல்லாவற்றுக்கும் ஓர் அபிப்பிராயம். எங்கள் பீலெஃபெல்ட் வீட்டுக் குளியலறையை எட்டிப் பார்த்துவிட்டு, "பவளம், இதுக்குள்ள திரும்பிறதெண்டா வெளியில போய்த்தான் வரவேணும்" என்றார். சிரித்து வைத்தேன்.

யூலை 31, வியாழன்

சனிக்கிழமை மச்சாளுக்குக் கேல்ன் நகரம் காட்டப் போகிறோமாம். காட்டுவதாவது! எங்கள் ஆட்களுக்குக் கேல்ன் என்றால் டோம் தேவாலயமும் இல்லை, ரைன் ஆறும் இல்லை, சொந்தக்காரர் வீடுகள்தான். ஒரு வீட்டுக்குப் போனால் மற்ற வீடு கோபிக்கும், ஆகவே எல்லா வீட்டுக்கும் போகவேண்டும். வீட்டுக்கு வீடு சுருட்டிப் பொரித்த றோல்ஸ், கேக், தேத்தண்ணீர், மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டு வீடியோ. இத்தனை வருடத்தில் நான் பார்த்த கேல்ன் முழுக்கச் சோபாக்கள். டோமைக் கார் கண்ணாடிக்குள்ளால் கும்பிட்டதோடு சரி.

எனக்கு ஒரேயொரு ஆசை, ரைனில் கப்பல் ஏறவேண்டும். பாலத்தால் போகும்போதெல்லாம் ஜெர்மன் கிழவிகள் மேல்தட்டில் இருந்து ஐஸ்கிறீம் சாப்பிடுவதைப் பார்த்து வயிறு எரிகிறது. நானும் கிழவியாகிக்கொண்டுதானே வருகிறேன்!

இவரிடம் சொல்லிவிட்டேன். "இஞ்சருங்கோ, இந்தமுறை ஒருத்தருக்கும் சொல்லாமல் போறம். கப்பல் ஏறுறம்."

ஓம் என்றார். இவருடைய ஓம் எனக்குத் தெரியாதா?

ஓகஸ்ட் 1, வெள்ளி

கட்டுச்சோறு வேண்டாம் என்று சொல்லச் சொல்ல மச்சாள் புளிச்சாதம் கிண்டுகிறார்.

ஓகஸ்ட் 2, சனி

மனுசன் கெடுத்துப்போட்டார்!

டோமுக்கு முன்னால் அக்காவை நிறுத்திப் படம் எடுத்தார். நானும் மச்சாளும் போய்க் கப்பலுக்கு டிக்கட் எடுத்துக்கொண்டு வருவதற்குள் அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டார். "கனடாவில ஆக்கள் பாக்கட்டும் எண்டுதானே…" கேல்னில் சொந்தக்காரருக்கும் கண் இருக்கிறதே! முதலில் ரவிச்சந்திரன் அண்ணை: "றோல்ஸ் பொரியுது, வாங்கோ." அடுத்தது சுலோஜனா அக்கா: "எங்கட வீட்டு வாசல் மறந்துபோச்சோ?"

கப்பல் கரையில் நிற்கிறது. இவர் என் முகத்தைப் பார்க்காமல், "போகாட்டிக் கோவிப்பினம்" என்கிறார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "நீங்கள் போங்கோ. நான் வரேல்லை. நான் தனியக் கப்பலில போறன்." நடு வீதியில் கத்தினேன். கத்தியபின்தான் மச்சாளின் நினைவு வந்தது. சரி, இனிக் கனடா முழுக்க என் பெயர் நாறும்.

மச்சாள் படிக்கட்டில் இருந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"தம்பி, லண்டனிலயும் இதுதான், பாரிசிலயும் இதுதான். ஈபிள் கோபுரத்தை ஆரோ ஒருத்தற்றை வீட்டு யன்னலுக்குள்ளாலதான் பாத்தனான். நீ போய் எல்லாற்றை றோல்ஸையும் சாப்பிடு. நான் பவளத்தோட போறன்."

போனோம். மேல்தட்டு. காற்று. ஐஸ்கிறீம், அதற்குப் பிறகு புளிச்சாதம். பக்கத்து மேசை ஜெர்மன்காரி வாசம் பிடித்துப் பார்த்தாள், அவளுக்கும் ஒரு கரண்டி கொடுத்தோம். மச்சாள் பாலத்துக்குப் பாலம் கைகாட்டினார். எனக்கு அவ்வளவு சந்தோசம். இந்த மனுசியைப் போய் இவ்வளவு காலமும் எதிரி என்று நினைத்திருந்தேனே.

இவர் எல்லா வீட்டிலும் தின்று, வயிற்றைப் பிடித்தபடி வந்தார். அக்காவுக்கு முழங்கால் ஏலாது, பவளம் துணைக்கு நிற்கிறாள் என்று சொல்லிச் சமாளித்தாராம்.

ஓகஸ்ட் 3, ஞாயிறு

நாங்கள் கப்பலில் ஆடிய வீடியோவை மச்சாள் ஸ்டேட்டஸில் போட்டிருக்கிறார். அக்கா தம்பி இரண்டுபேரும் ஒரே அச்சு. அந்த ஏலாத முழங்கால் ஆடிய ஆட்டத்தை முழுக் கேல்னும் பார்த்துவிட்டது.

ஓகஸ்ட் 24, ஞாயிறு

மச்சாள் போய் ஒரு கிழமை. வீடு வெறிச்சென்று இருக்கிறது.

நேற்று ரவிச்சந்திரன் அண்ணையின் பேரனுக்குப் பிறந்தநாளாம். எல்லாருக்கும் சொல்லியிருக்கிறார்கள், எங்களுக்கு இல்லை. இவர் பகல் முழுக்க முகத்தைத் தொங்கப்போட்டிருந்தார். எனக்கும் கொஞ்சம் சுட்டதுதான், பொய் சொல்லக்கூடாது.

பின்னேரம் கணினியைத் திறந்து, அடுத்த சனிக்கிழமைக் கப்பலின் நேரம் பார்த்தேன்.

"டிக்கட் எனக்கு மட்டுமோ, ரெண்டோ?"

கையில் இருந்த ஃபோனை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"ரெண்டு எடும். ஃபோனை வீட்டில வைச்சிட்டு வாறன்."