விரலுக்கு ஒரு கேப்

மார்ச் 3, செவ்வாய்

என் நகத்தடியில் ஒரு குடியேற்றமே நடந்திருக்கிறது.

போன வாரம் ஆய்வகத்தில் தர அலுவலர் எல்லார் விரல்களையும் பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுத்துக்கொண்டு போனார். அதைத் தடவிக் கிருமி வளர்த்த தட்டுகளில் பெயர் கிடையாது, எண் மட்டும். என்ன வளர்ந்திருக்கிறது என்று பார்த்து எழுதுவது என் வேலை. ஒரு தட்டில் மட்டும் மஞ்சளும் வெள்ளையுமாகக் காலனிகள் பொங்கிக் கிடந்தன. "யாருங்க இது, தோட்ட வேலை செய்றவரா?" என்று கேட்டேன். அவர் பட்டியலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் பட்டியலைப் பார்த்தார்.

"மேடம்... உங்களோடதுதான். வலது கை."

பாலுக்கும் குடிநீருக்கும் சான்று கொடுக்கும் இடம். நான் நுண்ணுயிரியல் படித்தவள். கையுறைதான் போடுகிறோமே என்றேன். "கையுறை கிழிஞ்சா?" என்றார். அறிக்கையில் கையெழுத்தும் நானே போட்டேன். தட்டில் வளர்ந்ததோடு சண்டை போட முடியுமா?

நாளை முதல் எல்லாரும் நகம் வெட்ட வேண்டும், ஒட்டு நகமும் கூடாது என்று சுற்றறிக்கை. எல்லாரும் என்றால் நான்தான். மற்றவர்கள் ஏற்கெனவே வெட்டியிருக்கிறார்கள்.

மார்ச் 4, புதன்

வெட்டியாயிற்று. ஆள்காட்டி, நடு, மோதிர விரல்கள். அரம் போட்டு, எண்ணெய் தடவி, டப்பா மூடியைக்கூட என் வீட்டுக்காரரைத் திறக்கச் சொல்லி வளர்த்தவை. நாற்பதைத் தாண்டிக் கிட்டார் பிடித்தவளுக்கு வேகம் வரவே வராது. ஒலியாவது நன்றாக இருக்கட்டும் என்று தந்தி மீட்டும் நகத்தை நம்பியிருந்தேன்.

வெட்டிய துண்டுகளைக் குப்பையில் போட மனம் வரவில்லை. ஒரு மாதிரி டப்பாவில் போட்டு மூடி, பழக்கதோஷத்தில் தேதியும் எழுதிவிட்டேன். இவர் எடுத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு எப்ப ரிசல்ட் வரும்?" என்றார்.

மார்ச் 7, சனி

வெறும் சதையால் வாசித்துப் பார்த்தேன். கம்பளிக்குள்ளிருந்து யாரோ பேசுவது போல இருக்கிறது.

ஏப்ரல் பதினெட்டாம் தேதி நூலக அரங்கில் நாத்தனார் பாடுகிறாள், நான் வாசிக்கிறேன் என்று ஏற்பாடு. நான் ஒத்துக்கொண்டேனா? 'பார்க்கலாம்' என்றுதான் சொன்னேன். அவள் அகராதியில் அதற்குச் 'சரி' என்று பொருள். இதுவரை என் வாசிப்பைக் கேட்டவர்கள் இவரும் அவளும் சுவரும்தான்.

அவள் பல் மருத்துவர், இவருக்கு இளையவள். சின்ன வயதில் இவர் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் பல்லி. பிற்பாடு அவள் பல் படிக்கப் போனதும், "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்" என்று இவருக்கு ஒரே பெருமை.

போனில் விஷயத்தைச் சொன்னேன்.

"வளந்துடும் அண்ணி."

"வளர விடமாட்டாங்க."

"அப்ப வேற நகம் வாங்குங்க."

ஏதோ வெண்டைக்காய் வாங்குகிற மாதிரி.

மார்ச் 10, செவ்வாய்

நகத்துக்குப் பதிலாகத் தந்தி மீட்ட ஒரு பிக் வாங்க இசைக்கருவிக் கடைக்குப் போனேன். "நகம் மாதிரியே சத்தம் வர்ற பிக் இருக்கா?"

"யாரு நகம் மாதிரி மேடம்?"

நியாயமான கேள்வி. மரியாதை வந்தது. அதற்குள் மனிதர் 'இயற்கை நகத்தின் அதே ஒலி' என்று அச்சடித்த அட்டையை நீட்டிக் கெடுத்துக்கொண்டார். எந்த நகத்தோடு ஒப்பிட்டார்கள், யார் காது கொடுத்துக் கேட்டார்கள் என்று ஒரு வரி இல்லை. இதே போன்ற அறிக்கை என் மேசைக்கு வந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். இங்கே வாங்கி வந்தேன்.

மார்ச் 11, புதன்

கையில் பிடிக்கிற பிக் சுரத்துக்கு முன்னால் ஒரு 'டிக்' சேர்க்கிறது. மெதுவான இடத்தில் யாரோ தட்டச்சு செய்கிறார்கள். விரலில் மாட்டுகிறது இன்னும் மோசம், தந்தியைக் கொக்கி போல இழுத்துக்கொண்டு போகிறது. விரலுக்கு எதுவும் தெரிவதில்லை. கண்ணாடி போடாத கண் மாதிரி தடவித் தடவிப் போக வேண்டியிருக்கிறது.

மார்ச் 15, ஞாயிறு

மேசைப்பந்தை வெட்டி, விரல் வளைவுக்கு அரம் போட்டால் நகமேதான் என்று இணையத்தில் ஒருவர் சத்தியம் செய்தார். வெட்டினேன். நகத்துக்குச் சொந்தம்தான். ஒன்றுவிட்ட சொந்தம், அதிலும் பேச்சுவார்த்தை இல்லாத சொந்தம்.

இவர் மட்டையோடு வந்து நின்று, "பந்து எங்க?" என்றார்.  கத்தரிக்கோலைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

மார்ச் 19, வியாழன்

மாதிரி டப்பாவைத் திறந்தேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. என் சொந்த நகத்துண்டைப் பிளாஸ்டிக் பிக்கின் நுனியில் பசை போட்டு ஒட்டினேன்.

கொஞ்ச நேரம்... அதே ஒலி. என் ஒலி! பிறகு துண்டு கழன்று கிட்டாரின் வாய்க்குள் விழுந்துவிட்டது. கிட்டாரைக் கவிழ்த்துக் குலுக்கிக்கொண்டிருந்தபோது இவர் எட்டிப் பார்த்தார்.

"உள்ள என்ன விழுந்துச்சு?"

"நான்தான்" என்றேன்.

மார்ச் 22, ஞாயிறு

நாத்தனார் ஒத்திகைக்கு வந்தாள். முதல் பாட்டு எப்படியோ ஓடியது. இரண்டாவதில் அவள் நிறுத்தி மூச்சு வாங்குகிற இடம் இருக்கிறது. அங்கே கிட்டார் மட்டும்தான். டிக், டிக், டிக். நானே நிறுத்தினேன். "இது சரிப்படாது. பிக் கிடைக்கல. வேற யாரையாவது பாத்துக்கோ" என்றேன்.

அவள் சண்டைக்கு வருவாள் என்று பார்த்தேன். வரவில்லை. பையை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "முப்பது வருஷமா அடுத்தவங்கள வாயத் திறங்க, வாயத் திறங்கன்னே சொல்லிட்டிருக்கேன் அண்ணி. ஒரே ஒரு தடவ நான் திறக்கலாம்னு பாத்தேன். வேற ஆளெல்லாம் வேணாம். நீங்க இல்லன்னா விட்டுடறேன்."

அவள் போன பிறகு இவர் பாத்திரம் துலக்கிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் கேட்டார்: "ஒண்ணு கேக்கட்டுமா? உனக்குப் பிக் கிடைக்கணுமா, கிடைக்காம இருக்கணுமா?"

என்ன கேள்வி இது? நான் என்ன ஆசைப்பட்டா நகத்த வெட்டிக்கிட்டேன்? பந்த வெட்டுனது யாரு, கடைகடையா அலைஞ்சது யாரு? லிஃப்ட் ரிப்பேர் பண்றவருக்குக் கிட்டாரப் பத்தி என்ன தெரியும்? கயிறு அறுந்தா மாத்து, கதவு மூடலன்னா எண்ணெய் விடு. எல்லாம் அவ்வளவுதான் இவருக்கு!

மார்ச் 23, திங்கள்

கேள்வி சரியானதுதான்.

மார்ச் 25, புதன்

நகம் இருந்தபோதும் 'பார்க்கலாம்' என்றுதானே சொன்னேன்? அதை நினைத்துக்கொண்டே மதியம் வரை தட்டுகளைப் பார்த்தேன். சாப்பாட்டு இடைவேளையில் நாத்தனாருக்குப் போன் போட்டேன். மன்னிப்பெல்லாம் எனக்கு வராது. நேராக விஷயத்துக்கு வந்தேன்.

"பல்லுக்குப் போடுற கேப்ப விரலுக்குப் போட முடியுமா?"

 கிளினிக்கில் ஏதோ இயந்திரத்தை அவள் நிறுத்தியது கேட்டது.

"எத்தன விரலுக்கு?" என்றாள்.

மார்ச் 27, வெள்ளி

வாயை மூடிக்கொண்டு பல் நாற்காலியில் படுத்தது இதுவே முதல் தடவை. மார்பில் துண்டு கட்டினாள், விளக்கை இழுத்து விரல் மேல் விட்டாள். "நல்லா பெருசா திறங்க" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நர்ஸ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். இளஞ்சிவப்பு மாவைக் குழைத்து அச்செடுத்தாள். அது இறுகும்வரை விரலை நீட்டியபடி, யாரையோ குற்றம் சாட்டுவது போலப் படுத்திருந்தேன்.

பிறகு பல் நிறங்கள் வரிசையாகத் தொங்கும் அட்டையை என் விரல் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "எந்தக் கலர் அண்ணி? உங்க வயசுக்கு இது பொருந்தும்."

"சத்தம் எப்படி இருக்கும்னு சொல்லு."

"என் பேஷண்ட் யாரும் பல்ல மீட்டிக் காட்டினதில்ல."

ஏப்ரல் 1, புதன்

தற்காலிகப் பல்லுக்கான பிசினில் செய்த கேப் வந்துவிட்டது. நகத்தின் மேல் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் கை நீட்டி விரலைப் பிடித்துக்கொள்கிறது. கழற்றி மாட்டலாம், கழுவலாம். ஆய்வகத்துக்கு அது வராது, வீட்டில்தான் இருக்கும். இடையூறு இல்லை, எடையும் இல்லை. கொக்கி போல மாட்டவும் இல்லை.

ஆனால் ஒலி? கடிக்கிறது. பல்லின் பிள்ளைதானே, புத்தி எங்கே போகும்.

ஏப்ரல் 5, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன் என்று எழுதக் கை பரபரக்கிறது. 'காரணம் இதுவாக இருக்கலாம்' என்று எழுதுவதே முறை.

போன வருடம் நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்த வீடியோ ஒன்று இருக்கிறது, நகம் இருந்த காலம். அதை மிக மெதுவாக ஓடவிட்டேன். விரல் இறங்குகிறது. தந்தியை முதலில் தொடுவது நகமே இல்லை, நுனிச் சதை! தந்தி சதையில் சாய்ந்து, வழுக்கி, கடைசியில்தான் நகத்தை விட்டுப் பிரிகிறது. முதல் தொடுகை சதை, முடிவு நகம். நான் நகத்தின் ஒலி என்று ஏழு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தது இரண்டும் சேர்ந்த ஒலி.

யாராவது இரண்டு பேர் ஒட்டிக்கொண்டு திரிந்தால் 'நகமும் சதையும் மாதிரி' என்று நானே எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். வாய்க்குத் தெரிந்தது மூளைக்குத் தெரியவில்லை. சதையை முழுக்க மூடிவிட்டு, நகம் சரியில்லை, நகம் சரியில்லை என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

நாத்தனாருக்கு வீடியோவை அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

"அண்ணி! அப்ப தப்பு கேப்ல இல்ல, ஓரத்துல. நுனிய உள்ள தள்ளி வெட்டணும். சதை ஒரு மயிரிழை முன்னாடி நிக்கணும். நாளைக்கே வாங்க. கடைசி பேஷண்ட் போனதும் உங்க வெரல்தான்."

ஏப்ரல் 8, புதன்

மூன்று விரல்களுக்கும் தயார். தந்தி முதலில் என் தோலைத் தொடுகிறது, எங்கே இருக்கிறேன் என்று விரலுக்குத் தெரிகிறது. இதைத்தான் இத்தனை நாளாகத் தேடினேன் போலிருக்கிறது.

எனக்குப் பிடித்திருப்பதாலேயே நம்ப முடியாது. நகத்தைப் போன வருட வீடியோவிலிருந்து எடுத்து, சதை, பந்து, பிளாஸ்டிக், பிசின் என்று மற்றதைப் பதிவுசெய்து, வரிசையைக் கலைத்து இவருக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "மூணாவதுதான் உன் நகம்" என்றார். மூன்றாவது பிசின். நிஜ நகத்தை என்னவென்று சொன்னார் தெரியுமா? "அது அந்தப் பந்துதானே, பாவம்."

ஒரு காதின் தீர்ப்பு ஆதாரமாகாது. இருந்தாலும் சந்தோஷமாக இருக்கிறது.

ஏப்ரல் 14, செவ்வாய்

ஒத்திகை. அவள் மூச்சு வாங்கினாள், நான் வாசித்தேன். அவள் அடுத்த அடியை எடுக்கவே மறந்துபோனாள். "என்னாச்சு?" என்றேன். "கேட்டுட்டிருந்தேன்" என்றாள்.

ஏப்ரல் 17, வெள்ளி

பிக் இருக்கிறது. சொல்ல இனி ஒரு சாக்கும் இல்லை. 

ஏப்ரல் 19, ஞாயிறு

நேற்று நடந்துவிட்டது.

முதல் பாட்டை ரயிலைப் பிடிக்கிறவள் மாதிரி ஆரம்பித்தேன். நாத்தனார் சிரித்த முகம் மாறாமல், பல்லுக்கிடையில், "அண்ணி, மூச்சு விட விடுங்க" என்றாள். வேகத்தைக் குறைத்தேன். பின்வரிசையில் ஒரு குழந்தை அழுதது, யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தக் கதவுச் சத்தம் அடங்குவதற்கும் இரண்டாவது பாட்டில் அந்த இடம் வருவதற்கும் சரியாக இருந்தது.

வாசித்தேன். ஒலி நடுங்கவில்லை. எப்படி என்று தெரியவில்லை, விளக்கம் தேடவும் இல்லை.

அவள் வாயைத் திறந்து பாடினாள். உச்சத்தில் கொஞ்சம் பிசிறு தட்டியது. அதைப் பற்றி அவளுக்கு ஒரு கவலையும் இல்லை. முடிந்ததும், கேட்க வந்திருந்த எங்கள் ஆய்வகத் தர அலுவலர் என் கையைத்தான் முதலில் பார்த்தார். நான் கேப்பைக் கழற்றிக் காட்டினேன். "துடைச்சுப் பாக்கட்டுமா மேடம்?" என்றார். அந்த மனிதருக்கு நகைச்சுவை இருப்பது இத்தனை வருடத்தில் நேற்றுதான் தெரிந்தது. அல்லது உண்மையாகவே கேட்டாரோ என்னவோ.

 இவர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "நல்லா இருந்துச்சு" என்றார். சாப்பிடும்போது மறுபடியும் சொன்னார்.

ஜூன் 13, சனி

இன்று மாலை பல் மருத்துவர் சங்கத்துக் கூட்டத்தில் இரண்டு பாட்டு. காலையில் நாத்தனார் போன். பல்லி என்று நினைக்க முடியாத அளவுக்குத் தவளைக் குரல். தொண்டை முழுசாகக் கட்டியிருக்கிறது.

"முடியாது அண்ணி. நான் சொல்லி கேன்சல் பண்ணிடறேன்."

"எதுக்கு? நான் தனியா வாசிக்கிறேன்."

"தனியாவா?"

"நீ முன்வரிசைல உக்காந்து வாய மூடிட்டுக் கேளு."

போனை வைத்த பிறகுதான், சொன்னது நான்தானா என்று யோசித்தேன். நான்தான். இவர் கீழே வண்டியை எடுத்துவிட்டார், ஹாரன் அடிக்கிறார். இன்னும் புடவைகூட மாற்றவில்லை.