வெள்ளைக் குச்சி நட்ட துண்டுகளைப் பற்றி

கன்னிவாடி
17.2.2025, திங்கள்

அன்பு மகள் புவனேஸ்வரிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் மாடு கன்றுகளும் சுகமாக இருக்கிறோம். உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மனசுக்குத்தான் இருக்கிறது, அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நீ அந்த ஐதராபாத்தில் வேளைக்குச் சாப்பிட்டு, சளி இருமல் அண்டாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். தினமும் போனில் பேசுகிறவள் எதற்காகக் கடிதம் போடுகிறாள் என்று உனக்குத் தோன்றும். போனில் மூன்று நாளாகச் சொல்லப் பார்த்தேன். எடுத்ததும் நீ என்ன வெஞ்சனம் என்று கேட்கிறாய், நான் கத்தரிக்காய் என்கிறேன், அதோடு பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. ஸ்பீடு போஸ்டில் போட்டால் வியாழக்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிடும் என்று தபாலாபீசில் சொன்னார்கள். இருபத்தெட்டாம் தேதி நீ உங்கள் ஆபீசில் அறிக்கையைக் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்தாக வேண்டும்.

நம் மக்காச்சோளக் காட்டில் நீ வைத்த சோதனையை நான் கெடுத்துவிட்டேன் புவனா. வெள்ளைக் குச்சி நட்ட துண்டுகளுக்கும் டி.ஏ.பி. உரம் போட்டுவிட்டேன். நீ பாஸ்போபாக்டீரியா என்கிற நுண்ணுயிர் உரம் மட்டும் என்று எழுதி வைத்திருக்கிற நான்கு துண்டில் மூன்று அப்படி இல்லை. இதை எழுதிவிட்டு எழுந்துபோய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அந்த அறிக்கையைப் பார்த்துத்தான் உன்னை இன்னும் மூன்று வருஷம் வேலையில் வைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள் என்பதும் எனக்குத் தெரியும், தெரிந்துதான் எழுதுகிறேன்.

நடந்ததை முதலில் இருந்து சொல்லிவிடுகிறேன், பாதியில் கோபப்பட்டுக் கடிதத்தைக் கீழே போட்டுவிடாதே. புரட்டாசி கடைசியில் நீ வந்து அந்த ஒரு ஏக்கரை எட்டுத் துண்டாக அளந்து, சீட்டுக் குலுக்கிப் போட்டு, நான்கில் சிவப்புக் குச்சியும் நான்கில் வெள்ளைக் குச்சியும் நட்டாய். சிவப்புக்கு எப்போதும்போல டி.ஏ.பி., வெள்ளைக்கு நுண்ணுயிர் உரம், மற்றபடி யூரியா, பொட்டாஷ், தண்ணீர், களை எல்லாம் ஒன்றுபோல என்றாய். நீ சொன்னது எதையும் நான் மறக்கவில்லை. விதையில் கம்பெனிக்காரனே மருந்து பூசியிருக்கிறான், அதோடு கலந்தால் அந்த உயிர் செத்துப்போகும் என்று சொன்னாய், அதனால் மக்கிய எருவில் கலந்து, வெயில் படாமல் வேப்பமரத்து நிழலில் ஈரச்சாக்கு போட்டு மூடி வைத்துத்தான் போட்டேன். முப்பது வருஷமாக நாம் கொட்டிய உரத்தில் பாதி மண்ணோடு கட்டிக்கொண்டு கிடக்கிறது, அதைப் பிரித்துப் பயிருக்குக் கொடுக்கத்தான் இந்த உயிர், முதல் ஒரு மாதம் பார்க்க நன்றாக இருக்காது, பொறுத்துக்கொள் என்றும் சொன்னாய். பொறுத்துக்கொள் என்பதைத்தான் என்னால் செய்ய முடியவில்லை.

விதைத்த பதினெட்டாம் நாளில் வெள்ளைக் குச்சித் துண்டுகளில் இலை ஓரம் ஊதாவாக மாறியது. பக்கத்திலேயே சிவப்புக் குச்சித் துண்டு கறுகறுவென்று முழங்கால் உயரத்துக்கு நிற்கிறது, இது சாண் உயரத்தில் நோஞ்சானாக நிற்கிறது. போகிறவர் வருகிறவர் எல்லாம் வண்டியை நிறுத்திக் கேட்டார்கள். ஒருவர் சீக்கா என்றார், ஒருவர் படைப்புழுவா என்றார், இன்னொருவர் மகள் படித்து வந்து செய்த வேலையா என்று சிரித்துவிட்டே போனார். எனக்கு அந்தச் சிரிப்புத்தான் தாங்கவில்லை. உனக்குப் போன் செய்து ஊதாவாக இருக்கிறது என்றேன், நீ அப்படித்தான் இருக்கும் அம்மா, மழை விட்டு வெயில் வந்தால் தேறிவிடும் என்றாய். காட்டுக்குப் போனால் பார்க்க வேண்டியிருக்கிறது என்று இரண்டு நாள் போகாமலே இருந்தேன், போகாமலும் இருக்க முடியவில்லை.

இருபத்திரண்டாம் நாள் சிவப்புத் துண்டுகளுக்கு டி.ஏ.பி.யை மேலுரமாக வைக்கப் பழனியம்மாளைக் கூட்டிப் போனேன். அவளை உனக்குத் தெரியும், நம் காட்டில் களையெடுக்க வருகிறவள், வாளியை இடுப்பில் வைத்தாள் என்றால் தூருக்கு ஒரு பிடி, கூடவும் இல்லை குறையவும் இல்லை. முதல் துண்டை முடித்ததும், அடுத்தது வெள்ளைக் குச்சி, இதைத் தாண்டிப் போ என்றேன். அவள் நின்றுவிட்டாள். "ஏக்கா, ஒரே பந்தியில உக்காத்தி வச்சிட்டு ஒரு எலைக்கு வச்சு ஒரு எலைக்கு வைக்காமப் போகச் சொல்றியே, என் கையால அது ஆகாதுக்கா, இம்புட்டு வருசத்துல ஒரு தூரு விட்டு வச்சதில்ல" என்றாள். சோதனை என்று விளக்கிச் சொன்னேன். "சோதனைய வளத்தியான பயிர்ல வைக்கச் சொல்லு, இது பாவம், பாரு எப்பிடி நிக்கிதுன்னு" என்றாள். பழியை அவள்மேல் போடுகிறேன் என்று நினைக்காதே. அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சும்மாதான் நின்றாள். எடுத்தது நான்தான். வாளியை இடுப்பில் வைத்து, அவளைப் போலவே தூருக்கு ஒரு பிடி வைத்துக்கொண்டே போனேன். மூன்று துண்டு வைத்தேன், நான்காவதாகக் கிணற்றுமேட்டுப் பக்கம் இருக்கும் எட்டாம் துண்டுக்குப் போவதற்குள் மூட்டை தீர்ந்துவிட்டது. இன்னொரு மூட்டை வாங்கிவர அப்பாவிடம் கேட்க வேண்டும், கேட்டால் எதற்கு என்று கேட்பார், அதனால் அது அப்படியே தப்பியது.

கரண்ட் வந்துவிட்டது, வெங்காயத்துக்குத் தண்ணீர் மாற்றிவிட்டு வந்து எழுதுகிறேன்.

வந்துவிட்டேன். உரம் வைத்த எட்டாம் நாள் அந்த மூன்று துண்டும் கரும்பச்சையாகிவிட்டன. எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன், காட்டைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தேன். நீ வீடியோவில் பார்த்துவிட்டு, பார்த்தாயா, தேறிவிட்டது என்று துள்ளினாய். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். நீ அவ்வளவு சந்தோஷமாக இருந்தாய், நான் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் சொல்வது கொஞ்சம் கஷ்டமாகிக்கொண்டே போனது. தை கடைசியில் மிசின் வைத்து ஒவ்வொரு துண்டுக் கதிரையும் தனித்தனியாக அடித்து எடை போட்டோம். சிவப்பு நான்கும் முந்நூற்று முப்பதை ஒட்டி வந்தது. வெள்ளையில் மூன்று முந்நூற்று நாற்பத்தைந்துக்குக் குறையவில்லை, நுண்ணுயிரையும் டி.ஏ.பி.யையும் சேர்த்துத் தின்றது அல்லவா, வராமல் எப்படி இருக்கும். எட்டாம் துண்டு மட்டும் இருநூற்றுத் தொண்ணூறு கிலோ. அது ஏன் குறைந்தது என்று நீ கேட்டபோது மலையில் இருந்து பன்றி இறங்கி ஓரத்தைக் கெடுத்துவிட்டது என்று சொன்னேன். பன்றியும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. பன்றி கெடுத்தது என்றால் அதைக் கணக்கில் சேர்க்க முடியாது என்று நீ அந்த எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டாய். நீ தூக்கிப் போட்ட அந்த ஒன்றுதான் வெள்ளைக் குச்சிகளிலேயே உண்மையான எடை.

இத்தனைக்கும் அது ஒன்றும் மோசமில்லை என்றுதான் எனக்கு இப்போது தோன்றுகிறது. ஒரு பிடி டி.ஏ.பி. இல்லாமல் இருநூற்றுத் தொண்ணூறு வந்திருக்கிறது. பூ எடுக்கும்போது அந்தத் துண்டும் ஊதா மாறிப் பச்சையாகத்தான் நின்றது, நீ சொன்ன மாதிரியே, உயரம்தான் கொஞ்சம் மட்டு. நான் இன்னும் பத்து நாள் பொறுத்திருந்தால் நான்கும் அப்படி வந்திருக்குமோ, இல்லை இந்த ஒரு துண்டு கிணற்று ஈரத்தில் வந்ததோ, எனக்குத் தெரியாது. ஒரு துண்டை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று நீ சொல்வாய். அதுவும் சரிதான். தெரிந்துகொள்ள இருந்த ஒரு வழியையும் நான் அடைத்துவிட்டேனே என்பதுதான் என்னைக் குடைகிறது.

அப்பாவிடம் போன வாரம்தான் சொன்னேன். "புள்ளைக்கு நல்ல பேரு வரப்போகுது, நீ எதுக்குக் குட்டையக் கொளப்புற, யாரு வந்து மண்ணைத் தோண்டிப் பாக்கப் போறா" என்றார். நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்திருப்பேன். ஆனால் வெள்ளிக்கிழமை மரியராஜ் வந்தார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மூன்று ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்து மக்காச்சோளம் போடுகிறவர், நீ பார்த்திருப்பாய். வரப்பில் நின்றுகொண்டு, "ஒங்க பொண்ணு வச்ச வெள்ளைக் குச்சிய நானும் பாத்தேன்க்கா, சித்திரையில மூணு ஏக்கருக்கும் அதையே போட்டுடலாம்னு இருக்கேன், டி.ஏ.பி. பக்கமே போகல" என்றார். அவருக்கு அந்த ஒரு வெள்ளாமைதான் சோறு. ஊதா இலையைப் பார்த்தால் எடுத்துப் போட அவர் வீட்டில் மூட்டை இருக்காது. சனி, ஞாயிறு வேலை எதிலும் கை ஓடவில்லை, வெங்காயத்துக்குப் பாய்ந்த தண்ணீர் ரோட்டில் ஓடுவதைக்கூடப் பார்க்காமல் நின்றேன்.

இன்றைக்குக் காலையில் மரியராஜ் காட்டுக்கே நடந்து போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை, அந்த எட்டாம் துண்டு மட்டும் எப்படி வந்தது என்று நாலைந்து தரம் கேட்டார். கடைசியில், "அப்ப அரை ஏக்கருக்கு மட்டும் போட்டுப் பாக்குறேன், மிச்சத்துக்குப் பழைய மாதிரியே இருக்கட்டும்" என்றார். வெள்ளைக் குச்சிப் பெருமையை நாலு பேரிடம் சொல்லிவிட்டேனே, அவர்களிடமும் நானே போய் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன் என்றும் சொன்னார். அப்பா இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆக, விஷயம் ஊருக்குத் தெரிந்துவிட்டது. இனி மறைக்கலாம் என்று நீ நினைத்தாலும் முடியாது. அதற்காகத்தான் உனக்கு எழுதுவதற்கு முன்னால் அவரிடம் சொன்னேன். உன்மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை தாயி. எழுதினால் வேலை போய்விடுமோ, எழுதாவிட்டால் என்ன ஆகிவிடும் என்று என்னைப்போல நீயும் கிடந்து புரளக் கூடாது, அந்தப் பாரம் உனக்கு வேண்டாம் என்றுதான் கதவைச் சாத்தினேன். உங்கள் ஆபீஸ் பெரிய ஐயாவிடம் இந்தக் கடிதத்தையே காட்டு, அம்மா செய்த தப்பு என்று சொல். அவர் என்னிடம் பேச வேண்டும் என்றால் பேசுகிறேன், அவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் நீ பக்கத்தில் இருந்து சொல், எதையும் குறைத்துச் சொல்லாதே. இன்னொரு விதைப்புப் பட்டத்துக்கு உனக்கு அவகாசம் கொடுத்தால் அந்த ஒரு ஏக்கரை அப்படியே உனக்கு விட்டுவிடுகிறேன், உரம் வைக்க வெளியூர் ஆளைக் கூட்டிக்கொள், நான் வரப்பு மிதிக்க மாட்டேன்.

மாரியம்மா உன்னைக் கைவிடமாட்டாள், எங்கே இருந்தாலும் நல்லா இரு, நிறைய நாள் இரு. இட்லிப்பொடி தனியாக அனுப்பியிருக்கிறேன், ஈரக்கரண்டி போடாதே. கடிதம் கிடைத்ததும் போன் செய். திட்ட வேண்டும் என்றால் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். எதுவும் பேசத் தோன்றாவிட்டால் போனை ஒரு தரம் அடிக்கவிட்டு வை, நீ படித்துவிட்டாய் என்று எனக்குத் தெரிந்தால் போதும்.

இப்படிக்கு,
உன்னிடம் பொய் சொன்ன உன் அம்மா,
த. அய்யம்மாள்