இந்தா இந்தா என்றால் வரும் மான்கள்

என் ஆசை நைனாவுக்கு,

நீ போனதிலிருந்து உன்னை நினைத்தாலே எனக்கு அழுகைதான் வந்தது. இப்போது உன்மேல் கோபம் வருகிறது. கேட்டுக்கொள்.

மெட்ராஸிலிருந்து லாரியில் புள்ளிமான்களைக் கொண்டுவந்து நம் சாலவாக்கத்துக் காட்டில் விட்டார்களே, காவலுக்கு உன்னைத்தானே போட்டார்கள். அதுவரை நம் காட்டில் மான் என்பது பெரியவர்கள் சொன்ன கதை. மறுபடி வந்துவிட்டதே என்று நீ துள்ளிய துள்ளல்! அம்மன் கோயிலில் ஊரைக் கூட்டி, எரியும் கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்து, மான்மேல் கை வைக்க மாட்டோம் என்று சத்தியம் செய்ய வைத்தாய். முதலில் அணைத்தது யார்? உன் தம்பி.

ரேஞ்சர் தலையில் அடித்துக்கொண்டார். "கையால தீனி போடாதய்யா. மனுசனைக் கண்டா ஓடணும், அப்பதான் பொழைக்கும்." நீ கேட்டாயா? "பெத்த புள்ளைங்க மாதிரி கீதுங்க சார், எப்டி வெரட்டறது?" என்றாய். "இந்தா, இந்தா" என்று கூப்பிட்டுக் கடலைப் புண்ணாக்கை நீட்டுவாய்.

உன் கருமாதிக்கு மறுநாள் பங்காளிகளுக்குக் கறிச்சோறு போட்டோம். வெள்ளாட்டுக் கறி என்று சித்தப்பாதான் கொண்டுவந்தார். நானும் சாப்பிட்டேன், நைனா. போன வாரம் அவர் வீட்டு வைக்கோல் போரில் புள்ளித் தோலைப் பார்த்தேன்.

போய்க் கேட்டேன். கட்டிலிலிருந்து எழுந்திருக்கக்கூட இல்லை அந்த மனுசன்.

"இன்னாத்துக்குக் கத்திக்கினு கீற? அண்ணனுக்கோசரம் கற்பூரம் அடிச்சேன். அண்ணனே பூட்டாரு, இனிமே இன்னா சத்தியம்?"

"ஓடற மானை எப்டிப் புடிச்ச சித்தப்பா?"

"எங்க ஓடிச்சு? இந்தா இந்தான்னேன். வந்து கையை நக்கிச்சு."

பாவி! உன் சொல்லையே சொல்லிக் கூப்பிட்டு, உன் பிள்ளையை அறுத்து, உன் காரியத்துக்கே பரிமாறியிருக்கிறார். யாரை நொந்துகொள்வது? மான் உன்னை நம்பியது, நீ ஊரை நம்பினாய். ரேஞ்சர் சொன்னதை மட்டும் நம்பவில்லையே, ஏன் நைனா?

ரேஞ்சரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பங்காளிகள் யாரும் என்னோடு பேசுவதில்லை. போகட்டும்.

மீதி மான்கள் சாயங்காலமானால் ஏரிக்கரையில் வந்து நிற்கின்றன. நம் தெருவைப் பார்த்துக்கொண்டே நிற்கின்றன. உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நாளை முதல் நானே போய் "இந்தா, இந்தா" என்பேன். கிட்டே வந்ததும் கல்லால் அடிப்பேன். அந்தச் சொல்லைக் கேட்டாலே காட்டுக்குள் ஓட்டம் பிடிக்கும்வரை அடிப்பேன்.

நீ பார்க்காதே, நைனா.

உன் மூத்த மகள்,
அவற்றுக்கு அக்கா.