நீர்வேலியில் கிடந்த ஜெட் ஸ்கி

யேசு மரி சூசை

குருநகர்,
28.04.2025

அன்பு மகள் லவீனாவுக்கு,

குருநகரிலிருந்து அப்பா எழுதுகிறேன். எங்கள் கோயில் யாகப்பர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் பிரஷர் இந்த மாதம் இறங்கியிருக்கிறது, என் முழங்கால்தான் இன்னும் சொல்வழி கேட்பதில்லை. அந்த நோர்வேக் குளிருக்குள் நீயும் சுகமாக இருக்கவேண்டும் என்பதுதான் எங்கள் இருவரின் மன்றாட்டும். தினமும் அம்மாவோடு போனில் கதைக்கிற பிள்ளைக்கு இந்த மனுசன் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நீ நினைக்கக்கூடும். போனில் எனக்குச் சொல்ல வராது பிள்ளை. சொல்லப்போனால் நடுவில் ஏதாவது பிழையாகச் சொல்லிவிடுவேன், முன்பு ஒருமுறை அப்படித்தான் சொன்னேன். எழுதினால் பிழையை வெட்டிவிட்டு எழுதலாம். உன் பெரியம்மாவின் மகன் றொகான் ஈஸ்டருக்கு வந்து நிற்கிறான், வெள்ளிக்கிழமை நோர்வேக்குத் திரும்புகிறான், அவன் கையில் இதையும் ஒரு பார்சலையும் தந்துவிடுகிறேன்.

முதலில் ஊர்ப் புதினம். பெரிய வெள்ளிக்கு இந்த முறை நல்ல சனம், சிலுவைப்பாதையில் அம்மா வெயிலுக்குள் கடைசிவரை நடந்தா. திரேசா மாமி வீட்டு விறாந்தைக்கு மாபிள் பதித்துவிட்டா, வழுக்குகிறது என்று இப்போது அவவே செருப்போடு நடக்கிறா. என் பட்டறையில் வேலைக்குக் குறைவில்லை, கடலுக்குப் போகிறவன் இருக்கும்வரை அவுட்போட் எஞ்சின் பழுதாகத்தான் செய்யும். அம்மா உன் அறையின் யன்னலுக்குப் புதிதாகத் துணி தைத்துப் போட்டிருக்கிறா, ஏன் என்று கேட்டால் பழையது கிழிந்துவிட்டது என்கிறா, அது கிழியவில்லை என்று எனக்குத் தெரியும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மாசி மாதம் ஒரு காலை நீர்வேலியிலிருந்து சுபாஸ்கரன் என்றொருவர் போன் எடுத்தார். உனக்கு அவரைத் தெரியாது. வாழைத்தோட்டம் செய்கிறவர். ஒன்பது வருசத்துக்கு முதல் உன் ஜெட் ஸ்கியை நான் விற்றது அவருக்குத்தான். ஆருக்கு விற்றேன் என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் போனில், "அண்ணை, உங்களிட்டை வாங்கின உந்த நிண்டு ஓடுற சாமானைப் பழைய இரும்புக்குக் குடுக்கப் போறன், நாளைக்கு வாகனம் வருது. அதுக்கு முதல் உங்களுக்கு ஒரு சொல் சொல்லவேணும் போலை கிடந்தது" என்றார். சரி தம்பி, கொடுங்கோ என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வைத்தபிறகு கையில் எடுத்த சாவி எந்த நட்டுக்கு என்று எனக்கு மறந்துபோய்விட்டது. பிறகு எண்ணெய் பட்ட சேட்டை மாற்றிக்கொண்டு மோட்டார்சைக்கிளை எடுத்தேன்.

உனக்குத் தெரியாத கதை இல்லை, ஆனாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் எனக்கே வடிவாக விளங்கும். கடற்கரையில் சுற்றுலாக்காரருக்கு ஓட்டவென்று ஒரு நீர்கொழும்பு மனுசன் மூன்று ஜெட் ஸ்கி கொண்டுவந்தான். இரண்டு இருந்து ஓடுவது, ஒன்று நின்று ஓடுவது. நின்று ஓடுவதில் ஏறினவன் எல்லாம் விழுந்தான். தொழில் சரிவராமல் போகும்போது அதை என் பட்டறையில் விட்டுவிட்டு, இதிலை ஏற ஆளில்லை, நீங்களே வைச்சிருங்கோ என்று சொல்லிப் போனான். நீ அப்போது ஏ.எல். சோதனை முடித்திருந்தாய். மூன்று கிழமை விழுந்தாய். முழங்கை முழுக்கக் காயம், அம்மா மஞ்சள் பூசியபடி ஏசினா. நாலாம் கிழமை ஒரு ஞாயிறு, பூசை முடிந்து சனம் கரையில் நிற்க, நீ நிமிர்ந்து நின்று மண்டைதீவுப் பக்கமாகப் போய்த் திரும்பி வந்தாய். அன்றைக்கு நான் பட்டறைக்குள் போய்த் தனியே சிரித்தேன். இதை நான் இதுவரை ஆருக்கும் சொன்னதில்லை.

அப்படிச் சிரித்த நான்தான் அதை விற்றேன். உனக்கு ஜெரோசனின் கலியாணப் பேச்சு வந்தபோது மாப்பிள்ளை வீட்டு ஆட்களில் ஒரு மனுசி, காற்சட்டையோடை கடலிலை நிண்டு ஓடுற பிள்ளையாமே என்று கேட்டதாகத் திரேசா மாமி வந்து சொன்னா. நீ கொழும்புக்குச் சோதனை எழுதப் போயிருந்தாய். அந்தக் கிழமை தண்ணீர் மோட்டர் திருத்தக் கொண்டுவந்த சுபாஸ்கரன், நான் அதை இயக்கிப் பார்த்தபோது பின்னால் தண்ணீர் பாய்ந்ததைக் கண்டுவிட்டு, இது தோட்டத்துக்கு இறைக்க நல்லதெல்லோ என்று ஆசைப்பட்டுக் கேட்டார். கொண்டுபோங்கோ என்று விற்றுவிட்டேன். நீ திரும்பி வந்ததும் வித்துப்போட்டன் பிள்ளை என்றேன். நீ, சரியப்பா என்றாய். அவ்வளவுதான்.

நீர்வேலிக்குப் போனேன். வாழைக்குள், கிணற்றுக்கட்டுக்குப் பக்கத்தில், காய்ந்த வாழைச்சருகுக்குக் கீழே கிடந்தது. வெள்ளை நிறம் பச்சையாகிவிட்டது. கைபிடித் தண்டு துருப்பிடித்து இறுகி, உயரவும் இல்லை, தாழவும் இல்லை. நீ நிற்கிற இடத்தில் மழைத்தண்ணீர் தேங்கி அதற்குள் தவளை. சுபாஸ்கரன் வெட்கப்பட்டுச் சிரித்தார். தொட்டிக்குள் இறக்கி ஒரு நாள் இறைத்துப் பார்த்தாராம். ஒரு கான் பெற்றோலையும் குடித்துவிட்டு, தன் வாழைக்கு ஒரு சொட்டும் இல்லாமல் பக்கத்துத் தோட்டக்காரனின் புகையிலைக்கு மேல் எல்லாத் தண்ணீரையும் அடித்ததாம், பிறகு ஒரு சத்தம் போட்டு இறுகிவிட்டதாம். நானும் சிரித்தேன். பிறகு அவர், "இதை ஆரண்ணை முந்தி ஓடினது, நீங்களோ?" என்று கேட்டார். என்ரை மகள் என்றேன். அவர் சிரிப்பை நிற்பாட்டிவிட்டு என்னைப் பார்த்தார். "பிள்ளையின்ரை சாமானோ? பிள்ளையிட்டைக் கேட்டுத்தானே வித்தனீங்கள்?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் நல்ல மனுசன், போய்த் தேத்தண்ணி கொண்டுவந்தார். நான் அந்தக் கிணற்றுக்கட்டில் இருந்து உன்னைத்தான் நினைத்தேன். போன வருசத்துக்கு முந்தின ஐப்பசியில் நீ போன் எடுத்து, அப்பா நான் ஜெரோசனை விட்டு வெளியிலை வந்திட்டன், இனி அங்கை போகமாட்டன் என்றாய். என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. சாப்பிட்டாயா, எங்கே படுக்கிறாய் என்றும் கேட்கவில்லை. "திரும்பிப் போ பிள்ளை, ஊரிலை நாங்கள் எப்படி முழிக்கிறது" என்றேன். நீ, சரியப்பா என்றாய். போன் நின்றது. அதற்குப் பிறகு நீ என்னோடு கதைக்கவில்லை, நீ திரும்பிப் போகவும் இல்லை. அந்த இரண்டு சரியப்பாவும் ஒன்று என்று எனக்கு நீர்வேலியில்தான் விளங்கியது. நீ சம்மதித்துச் சொன்னது அல்ல அது, இந்த மனுசனோடு இனிக் கதைத்துப் பயனில்லை என்று சொன்னது.

சுபாஸ்கரன் சும்மா கொண்டுபோகச் சொன்னார். சும்மா வேண்டாம், வாங்கித்தான் கொண்டுபோவேன் என்று பிடிவாதமாக நின்றேன், கடைசியில் அவருடைய கிணற்று மோட்டரை முழுக்கக் கழற்றிப் புதிதாக்கிக் கொடுப்பதென்று பொருந்தினோம். அடுத்த நாள் அவரே லான்ட்மாஸ்டர் உழவு மெசின் பெட்டியில் ஏற்றி வந்தார், மேலே வாழை இலை மூடியிருந்தது. அம்மா வாழைக்குலை என்று நினைத்துக் கடகப்பெட்டியோடு ஓடி வந்தா. இலையை விலக்கிப் பார்த்தா. பிறகு குசினிக்குள் போய்ச் சவர்க்காரமும் தும்பும் எடுத்துக்கொண்டு வந்து, நான் வேண்டாம் என்று சொல்லவும் கேளாமல் நிலத்தில் இருந்து தேய்க்கத் தொடங்கினா. தேய்த்துக்கொண்டே சொன்னா, "இஞ்சருங்கோ, அண்டைக்குப் பிள்ளை கேட்டவள். உங்களிட்டை இல்லை, என்னட்டை. ஏனம்மா எனக்கொரு சொல் சொல்லேல்லை எண்டு கேட்டவள். அப்பாவோடை சண்டை கொளுவாதை எண்டு நான்தான் அவளின்ரை வாயை மூடினனான்." ஒன்பது வருசம் அம்மா அதை மனதுக்குள் வைத்திருந்திருக்கிறா. நானும் ஒரு தும்பை எடுத்து மற்றப் பக்கத்தைத் தேய்த்தேன்.

திருத்தின கதையை உனக்குக் கொஞ்சம் சொல்லவேண்டும், உனக்கு விளங்கும். புகை போகிற குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. தாங்கிக்குள் பெற்றோல் சீனிப்பாணி மாதிரி இறுகியிருந்தது. இரண்டு பிஸ்டனும் அசையவில்லை, டீசல் ஊற்றி ஐந்து நாள் ஊறவிட்டு, ஆறாம் நாள் மெல்ல மெல்லத் தட்டினேன், முதலாவது வந்தது, இரண்டாவது வரவே இல்லை, உடைத்துத்தான் எடுத்தேன். சிலிண்டரை லேத்தில் கொடுத்துக் கடைந்தேன். பின்னால் தண்ணீர் தள்ளுகிற விசிறியின் ஒரு இலை அரைவாசி தின்னப்பட்டிருந்தது. அதையும் பிஸ்டனையும் காபரேட்டருக்குள் போடுகிற ரப்பர்களையும் றொகான்தான் அங்கே தேடி வாங்கிப் பார்சலில் அனுப்பினான், உனக்குச் சொல்லவேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை, அவனோடு கோபிக்காதே. அடியில் ஒரு முழ நீளத்துக்கு வெடிப்பு, பைபர் ஒட்டி மினுக்கி நிறமும் அடித்தேன். ஒருநாள் எல்லாம் பூட்டி முடித்து இயக்கினால் இயங்கவில்லை, மூன்று நாள் மண்டையைப் போட்டு உடைத்தேன், கடைசியில் பார்த்தால் நான் ஒரு வயரை மாறிப் பூட்டியிருக்கிறேன். நாற்பது வருச மெக்கானிக். அம்மா சிரித்த சிரிப்பை நீ கேட்டிருக்கவேண்டும்.

திரேசா மாமி மதிலால் எட்டிப் பார்த்து, "உதை ஏன் திருப்பிக் கொண்டந்தனி, அவள் வந்து உதிலை ஓடி, வாழாவெட்டி எண்டு சனம் கதைக்கவோ?" என்று கேட்டா. என் கூடப்பிறந்தவள், கெட்டவள் அல்ல, அவவுக்குப் பயம். எனக்கும் அந்தப் பயம்தான் இருந்தது. ஆனால் நான், "அக்கா, என்ரை பிள்ளை என்ரை வீட்டுக்கு வாறதுக்குச் சனம் கதைச்சு முடியட்டும் எண்டு நான் பாத்துக்கொண்டிருக்கேலாது. அந்தச் சொல்லை இனி என்ரை வளவிலை சொல்லாதை" என்றேன். இரண்டு கிழமை மாமி கதைக்கவில்லை. ஈஸ்டருக்குப் பலகாரத் தட்டோடு வந்தா, வந்து அதை ஒருக்கால் சுற்றிப் பார்த்துவிட்டு, நிறம் வடிவாயிருக்கு என்றா.

ஈஸ்டர் முடிந்த செவ்வாய் காலை நானும் றொகானும் கடலில் இறக்கினோம். அம்மா செபமாலையோடு கரையில். றொகான் மூன்று முறை ஏறினான், மூன்று முறையும் விழுந்தான். பிறகு நான் ஏறினேன். சிரிக்காதே, அறுபத்துமூன்று வயது. முழங்காலில் நின்று கொஞ்சத் தூரம் போனேன், எஞ்சின் சத்தம் அப்படியே பழைய சத்தம். நிமிர்ந்து நிற்கப் பார்த்தேன், தலைகீழாகத் தண்ணீருக்குள். மணிக்கட்டில் கட்டி எஞ்சினில் மாட்டுகிற சிவப்புக் கயிறு கழன்றதும் எஞ்சின் தானே நின்றுவிட்டது, நான் உப்புத்தண்ணீரைத் துப்பிக்கொண்டு நீந்திப் போய்ப் பிடித்தேன். மீன்பிடித் தொழிலால் திரும்பி வந்த வள்ளங்கள் எல்லாம் நின்று பார்த்தன. ஒருத்தன் கத்தினான், "கனிசியஸ் அண்ணை, உது உங்களுக்குச் சரிவராது, லவீனாவைக் கூப்பிடுங்கோ!" மற்றவன், அவளெண்டால் இப்ப மண்டைதீவுக்குப் போய் வந்திருப்பாள் என்றான். இவர்கள் என்ன சொல்வார்கள் என்றுதான் நான் உன்னைத் திரும்பிப் போகச் சொன்னேன் பிள்ளை. அவர்கள் சொன்னது இதுதான்.

உனக்கும் ஜெரோசனுக்கும் இடையில் என்ன நடந்தது என்று நீ சொல்ல விரும்பினால் கேட்பேன், விரும்பாவிட்டால் கேட்கமாட்டேன். உன்னிடம் கேளாமல் உன் சாமானை விற்றது பிழை. வெளியில் வந்த பிள்ளையைத் திரும்பிப் போகச் சொன்னது அதைவிடப் பெரிய பிழை. இரண்டுக்கும் என்னை மன்னித்துக்கொள். ஆடியில் உனக்கு லீவு என்று அம்மா சொன்னா, யாகப்பர் திருநாளும் அப்போதுதான். சோளகக் காற்று வீசுகிற காலம் என்றாலும் விடியக் காலையில் கடல் அடங்கித்தான் இருக்கும். வா என்று நான் கட்டாயப்படுத்தவில்லை, உனக்கு எப்போது மனம் வருகிறதோ அப்போது வா. கதவைத் திறக்க நான்தான் வருவேன்.

வேலைக்குப் போகும்போது குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, முதியோர் இல்லத்தில் பாரம் தூக்கும்போது இடுப்பை மடிக்காமல் முழங்காலை மடி. பார்சலில் உள்ள ஒடியல் மாவைக் காற்றுப் படாமல் வை. மாதாவும் யாகப்பரும் உன்னோடு கூட இருந்து உன்னைக் காக்கட்டும், நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிறோம்.

பார்சலைப் பிரிக்கும்போது கவனம். மிளகாய்த்தூள் பைக்குக் கீழே, கடதாசியில் சுற்றி, அந்தச் சிவப்புக் கயிறு இருக்கிறது. அது இல்லாமல் அந்த எஞ்சினை ஒருத்தராலும் இயக்க ஏலாது, என்னாலும்தான். இங்கே வேறொன்று நான் வாங்கி வைக்கவில்லை.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா
ம. கனிசியஸ்