வாயாடிக் கண்

மார்ச் 3, செவ்வாய்
இன்றும் வாயாடி அடங்கவில்லை. ஆழ்கடலில் நாங்கள் இறக்கி வைத்திருக்கும் ஏழாவது வடத்தின் கடைசிக் கண்ணாடிக் கோளம் அது. எங்கள் பேச்சில் ‘கண்’. நியூட்ரினோ என்னும் நுண்துகள் தண்ணீரில் மோதும்போது எழும் நீலக் கீற்றைப் பிடிக்க வேண்டிய கண், கடல் பூச்சிகள் மினுங்குவதையெல்லாம் பிடித்துக்கொண்டு ஓயாமல் கத்துகிறது. “ஊமையாக்கிடுங்க,” என்றார் பிரிவுத் தலைவர். ஒரு கண்ணின் இணைப்பைத் துண்டிப்பதற்கு எங்கள் சொல் அது. தலையாட்டினேன். செய்யவில்லை.

அந்தக் கோளத்தின் இரு பாதிகளையும் பொருத்தி மூடியவன் என் தம்பி. வடத்தை இறக்கிய அன்றுதான் கப்பலிலிருந்து விழுந்தான். உடல் கிடைக்கவில்லை.

மார்ச் 5
அம்மா அவன் அறை விளக்கை அணைப்பதே இல்லை. பகலிலும் எரிகிறது. வருவான், வரும்போது இருட்டாக இருக்கக் கூடாதாம். துளி வெளிச்சம் பட்டாலும் தூங்க மாட்டான் அவன். கதவைத் திறந்தாலே தலையணை பறந்து வரும். இப்போது வீட்டிலேயே வெளிச்சமான அறை அவனுடையது. என்ன கூத்து இது?

சாப்பிடும்போது கேட்டாள்: “கடலுக்குள்ள பாக்குற கருவின்னியே, அதுல அவன் தெரியுறானா?”

“அது ஆளுங்களப் பாக்குறதில்லம்மா. எதையும் தொடாம பூமியையே துளைச்சிட்டு வர்றதப் பாக்குறது.”

“தொடாம வந்தா எப்படித் தெரியும்?”

“எப்பவாவது ஒண்ணு தொடும்.”

சொல்லியிருக்கக் கூடாது. அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

மார்ச் 9
கண்களைச் சரிபார்க்க வடத்தில் ஒரு சிறு விளக்கு உண்டு. கரையிலிருந்து எப்போதாவதுதான் போடுவோம். இன்று எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்குப் போனபோது நானாகப் போட்டேன். கொஞ்சம் பொறுத்து வாயாடி பதிலுக்கு மினுங்கியது. மறுபடி போட்டேன். மறுபடி பதில்.

வெளிச்சம் பட்டால் பூச்சிகள் மினுங்கும். தெரியாதா எனக்கு? ஆனாலும் வாய்விட்டுக் கேட்டேன் — டேய், நீயாடா?

மார்ச் 10
போட்டேன்.

மார்ச் 12
இன்றும். நிறுத்த முடியவில்லை.

மார்ச் 16
பூமியின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு நியூட்ரினோ வந்திருக்கிறது. ஆண்டுக்கணக்கில் நாங்கள் காத்துக் கிடந்த மாதிரியான ஒன்று. ஏழாவது வடத்தை ஒட்டியே மேலேறியிருக்கிறது. அந்த நேரம் பார்த்து என் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பாதை முழுக்க என் வெளிச்சம். எங்கிருந்து வந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

தலைவர் திட்டியிருந்தால் தேவலை. “உங்க தம்பி மூடின கண்ணுன்னு எனக்கும் தெரியும்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள நீங்களே ஊமையாக்கிடுங்க. என்னைச் செய்ய வைக்காதீங்க,” என்றார்.

மார்ச் 18
மனசு தாங்காமல் அம்மாவிடம் கொட்டிவிட்டேன். “நான் லைட் போட்டா திருப்பி மினுங்குதும்மா. பூச்சிதான்... ஆனா அவன் மாதிரியே இருக்கு.”

அழுவாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கோபம் வந்தது.

“தூங்குற பிள்ள மூஞ்சியில லைட் அடிக்கிறியா? அறிவில்ல உனக்கு?”

சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். இதுநாள் வரை வருவான், வருவான் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அவள் தோளில் சாய்ந்துகொண்டேன். பக்கத்து அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மார்ச் 20, வெள்ளி
காலையில் வாயாடியை ஊமையாக்கினேன். வடத்து விளக்கைத் தொடவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அம்மா அவன் அறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டிருந்தாள். உள்ளே இருட்டு.

“மெதுவா நட,” என்றாள்.